தொட்டி மீனும் ஓர் அமானிதமே

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் வாட்டியது. மின்சாரம் நின்று, லட்சக்கணக்கான வீடுகள் நடுங்கின. மனிதரே தவிக்கும் வேளையில் அலங்கார மீனுக்காகக் கவலைப்படுவது வீண்வேலையா?

அல்ல என்போம் நாம். வெப்பநாட்டு மீனுக்கு ஏறத்தாழ 25 டிகிரி வெப்பம் வேண்டும். சிறிய தொட்டியோ விரைவில் குளிர்ந்துவிடும். அதை விட்டு மீனுக்குப் போக்கிடம் ஏது? வாங்கி அடைத்த அன்றே பொறுப்பும் நம்மைச் சேர்ந்துவிட்டது. பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், இரைதேடவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதியை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

முதலில் குழந்தைகளையும் முதியோரையும் போர்த்துவோம். எஞ்சிய கம்பளியை, மேலே காற்றுக்கு இடம்விட்டு, தொட்டியைச் சுற்றிக் கட்டுவோம். வெந்நீரைப் புட்டியில் அடைத்து மிதக்கவிடுவோம். நேரே ஊற்றலாகாது, திடீர்ச் சூடும் கொல்லும். இயலாமைக்கு மறுமையில் கேள்வியில்லை, அலட்சியத்திற்கு உண்டு.