எந்தப் பக்கத்தைத் திறப்பது?

ஆம்பூரில் பெரிய போர் ஒன்று நடந்தது என்று சொன்னால், ஷூ கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். 1749 ஆகஸ்ட் 3 அன்று, ஆற்காட்டுக்குள் நுழையும் மலைக்கணவாயை மறித்து நின்ற ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் இங்கேதான் யானை மேலிருந்தபடியே சுடப்பட்டு இறந்தார். மூத்த மகன் மாபூஸ் கான் பிடிபட்டார். இளையவர் முகமது அலி திருச்சிக்குத் தப்பினார்.

பள்ளிக்கூடத்தில் இதை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கர்நாடகப் போர் என்று படித்தோம். அடியில் கிடந்தது சொத்துத் தகராறு. 1748இல் ஐதராபாத் நிஜாம் இறந்ததும் மகன் நாசிர் ஜங்கும் மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்கும் மோதிக்கொண்டார்கள். ஆற்காட்டுக்குப் பழைய நவாப் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப் உரிமை கேட்டார். தோஸ்த் அலியின் மகன் சப்தர் அலியோ 1742இலேயே வேலூரில் மைத்துனன் முர்தசா அலியின் சதிக்குப் பலியாகியிருந்தார். முசாபர் ஜங்கும் சந்தா சாகிபும் கைகோத்து அன்வருதீன் மேல் வந்தார்கள். அந்த வீட்டுச் சண்டைக்குப் பிரெஞ்சுத் துப்பாக்கி துணைக்கு வந்தது, அவ்வளவுதான்.

இதைப் படிக்க எந்தப் புத்தகத்தை எடுப்பது? ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளியிட்ட ராணுவ வரலாறு இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் தூய்ப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் இருந்தபடி எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. முகமது அலியின் அரசவைக்காக புர்ஹான் பாரசீகத்தில் எழுதிய ‘துசக்-இ-வாலாஜாஹி’யும் உண்டு, அதை முகம்மது உசைன் நயினார் 1930களில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். தேதியிலேயே தகராறு. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் ஓர்முக்கு அது ஜூலை 23. செத்தவரின் வயது 107 என்கிறார் அவர். 1672இல் பிறந்தவர் என்போர் கணக்கில் 77.

இரண்டு தரப்பையும் படி என்று எல்லோரும் சொல்வார்கள். ஷூ கம்பெனியில் வேலை முடிந்து ராத்திரி வீடு திரும்புகிறவனுக்கு ஒன்றைப் படிக்கவே நேரம் இல்லை. அதனால் நான் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். வாங்குமுன், எழுதியவரின் தரப்பு சறுக்கிய இடத்தையோ எதிராளி துணிந்த இடத்தையோ திறந்து பார்ப்பேன். ஓர்ம் அங்கே தேறிவிடுகிறார். இரண்டு முறை விரட்டப்பட்டு மூன்றாம் முறை அரணை உடைத்த பிரெஞ்சுப் படையின் துணிச்சலை அவர் மறைக்கவில்லை.

இந்தப் பழக்கம் புத்தகக் கடையில் வந்ததில்லை. எங்கள் பக்கம் அண்ணன் தம்பி தோல் ஷாப்பைப் பாகம் பிரித்தால் ஊரே ஆளுக்கொரு கதை கேட்கும். “அன்னைக்கு நானும் கை ஓங்கிட்டேன்” என்று எவன் சொல்கிறானோ, அவன் கணக்கு நோட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அக்கா மகன் ஒருநாள், “மாமா, ஈழப் போர் பத்தி ஒரே ஒரு புக் சொல்லுங்க” என்றான். வேலூர் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் அவனுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். இலங்கை ராணுவத்தின் 53ஆம் படைப்பிரிவை நடத்திய கமால் குணரத்ன 2016இல் எழுதியது இருக்கிறது, முள்ளிவாய்க்கால் பக்கத்தை முதலில் திற என்றேன். கையில் கொடுத்ததோ ‘முறிந்த பனை’. கறாராகச் சொன்னால் அது ராணுவ வரலாறு இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர், இலங்கை அரசையும் இந்தியப் படையையும் விடாத அதே பேனாவால் தமிழ் இயக்கங்களின் கொலைகளையும் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். தன் தரப்பைப் பற்றி எழுத என்ன விலை ஆகும் என்பது அட்டைக்கு வெளியிலேயே தெரிந்துவிடுகிறது.

புர்ஹான் என் சோதனையில் தேற மாட்டார். சம்பளம் கொடுத்தவரின் தகப்பனார் செத்த களத்தைப் பற்றி அவர் வேறு எப்படித்தான் எழுதியிருக்க முடியும்? இருந்தாலும் அந்தப் புத்தகத்தைத் தள்ளிவைக்க மனம் வரவில்லை. போர் எப்படி நடந்தது என்று ஓர்ம் சொல்லிவிடுவார். தோற்ற வீடு அதை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது என்பது பொய்யும் புகழ்ச்சியுமாக இவரிடம்தான் இருக்கிறது. சமாதானம் பேசப் போகிறவனுக்கு அதுவும் தெரிந்தாக வேண்டும்.