ஆடாம நில்லு

பாஸ்கா பூசை முடிந்து வீடு வரும்போது ராத்திரி மணி ஒன்றரை. பிள்ளைகள் இரண்டும் தோளில் தூக்கம். கோயிலில் பிடித்த மெழுகுதிரியின் சொட்டு, அக்கா மகளின் புதுக் கவுனில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. காலையில் படத்தில் அது இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா நினைத்தது வேறு. விடிவதற்குள் நகத்தால் சுரண்டி, மேலே காகிதம் வைத்து இஸ்திரி போட்டு, சுவடே இல்லாமல் ஆக்கியிருந்தாள்.

*

காலை ஏழரை. தூத்துக்குடி வீட்டுக்குக் கிழக்கு வாசல். இரண்டு கதவையும் திறந்தால் வெயில் பிள்ளைகளின் கண்ணைக் கூசவைக்கும். ஒன்றைச் சாத்தினால் போதும், சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கூடத்தில் பரவி நிற்கும். டியூப் லைட்டை அணைத்தேன். “பண்டிகை நாளும் அதுவுமா வீட்டை இருட்டாக்குறான்” என்றாள் அம்மா.

காரணம் உண்டு. போன வருஷம் விளக்கைப் போட்டே எடுத்தேன், பிள்ளை திரும்பிப் பார்க்கக் கூடாதே என்று சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில். முக்கால்வாசிப் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக நிழல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, 1/500 நொடியில் எடுத்தால் கேமராவுக்குத் தெரிந்துவிடும். 1/100-க்கு இறக்கினால் பட்டை போய்விடும். ஆனால் 1/100 நொடியில் மூன்று வயதுப் பிள்ளையின் கை எங்கே நிற்கிறது?

*

வீட்டு ஆல்பத்தில் ஈஸ்டருக்கென்று பழைய படம் ஒன்றே ஒன்றுதான். ஃபிலிம் ரோலில் 36 படம். கிறிஸ்துமஸ், புதுநன்மை, யாருடைய கல்யாணமாவது என்று அளந்து அளந்து செலவழித்ததில் மிஞ்சிய ஒன்று. பீடத்துக்கு முன்னால், மாதா சுரூபத்தை மறைக்காமல், ஐந்து பிள்ளைகள் வரிசையாக நிற்கிறோம். நாலு பேருக்கு முகம் இருக்கிறது. ஐந்தாவது, சட்டைக் காலருக்கு மேல் ஒரு இழுப்பு. அது நான்.

பிரிண்ட் வந்த அன்று அப்பாவிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது, “இது யாரு?”

*

பிள்ளைகளிடம் கேமரா முதலில் கேட்டது அசையாமையைத்தான். 19ஆம் நூற்றாண்டில் படம் விழுவதற்கு நேரம் பிடிக்கும். கைக்குழந்தை அதுவரை சும்மா இருக்குமா? தாயை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு துணி போர்த்தி, மடியில் குழந்தையை வைத்துப் பிடிக்கச் சொன்னார்கள். அப்படி எடுத்த படங்கள் நிறைய மிஞ்சியிருக்கின்றன. குழந்தைக்குப் பின்னால் பூப்போட்ட திரைச்சீலை, திரைக்குத் தோள்பட்டை. முதலில் சிரிப்பு வரும், அப்புறம் வராது.

ஜூலியா மார்கரெட் கேமரனும் பிள்ளைகளை நிமிஷக்கணக்கில் அசையாமல் இருக்கச் சொன்னவர்தான். இறக்கை கட்டிவிட்டுச் சம்மனசுகளாக எடுத்தார். முதல் கேமரா கைக்கு வந்தபோது அவருக்கு 48 வயது. 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியை எடுத்த படத்தைத்தான் தன் முதல் வெற்றி என்றார். படத்தை அந்தப் பிள்ளையே உண்டாக்கியதுபோல் தோன்றியதாம். அவளுக்குக் கொடுக்கப் பரிசு தேடி வீடெல்லாம் ஓடினாராம். கடைசிக் காலத்தில் இலங்கை மலைநாட்டுக்கு வந்து, 1879இல் அங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில். அவர் படங்களில் தெளிவு போதாது என்று அந்தக் காலத்திலேயே குறை சொன்னார்கள். எனக்கு அந்த மங்கல் பிடிக்கும். மூச்சு விட்ட பிள்ளை என்று தெரிகிறது.

இப்போது என் கையில் இருக்கிற பெட்டிக்கு யாரும் நிற்க வேண்டியதில்லை. ஓடுகிற பிள்ளையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. ஆனாலும் வாய் பழகிவிட்டது: “ஆடாம நில்லு, இங்க பாரு, சிரி.” அதுவும் எந்த நாளில் என்று பாருங்கள். வைத்த இடத்தில் கிடக்க மாட்டேன் என்று ஒருவர் எழுந்து போன நாளில்.

*

பீடத்துக்கு முன்னால் ஒரு வரிசைப் படம் அம்மாவுக்கு வேண்டும். எடுத்துக் கொடுத்தேன், நாலு கிளிக்கில். நன்றாகவே வந்திருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

*

முட்டை. அம்மா ஒரு வாரமாகச் சேர்த்த வெங்காயச் சருகில் அவித்தது செம்பழுப்பு. பீட்ரூட் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவைத்தது ரோஜா நிறம். மஞ்சள்பொடியில் போட்டது மஞ்சள். அக்கா மகள் ரோஜா நிற முட்டையை எடுத்து, தரையில் தட்டி, பெருவிரல் நகத்தை ஓட்டுக்குள் நுழைத்தாள். நான் அவள் உயரத்துக்குக் குப்புறப் படுத்துவிட்டேன்.

ஊறும்போதே ஓடு விண்டிருக்க வேண்டும். சாயம் உள்ளே இறங்கி, வெள்ளைக்கருவின் மேல் ரோஜாக் கோடுகளாகப் பிரிந்து பிரிந்து போயிருந்தது. இலை நரம்பு மாதிரி. உரிப்பதை நிறுத்திவிட்டு, கோடு எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே முட்டையைத் திருப்பினாள். நுனி நகத்தில் மஞ்சள் கறை. உதடு கொஞ்சம் திறந்திருந்தது.

பதினோரு படம். ஒன்றிலும் கண் தெரியவில்லை, இமைதான்.

“பிள்ளைய விடுல, தின்னட்டும்” என்றாள் ஆச்சி, கட்டிலில் இருந்தபடி.

*

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரிசைப் படம் மட்டும் போகும். ஜட்டியோடு அவள் தம்பி முட்டை தேடி மேசைக்கு அடியில் நுழைகிற படம் நன்றாக இருக்கிறது. அதனாலேயே அனுப்பவில்லை. அவனுக்குப் பதினெட்டு வயதாகும்போது கையில் கொடுத்துவிடலாம்.

*

அடுக்களையில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிறது. தவக்காலம் முழுக்க வீட்டில் இல்லாத வாசனை. அவளுக்கு முட்டைக்கு உப்பு வேண்டுமாம். பாதி உரித்த முட்டையை என் உள்ளங்கையில், கோடு தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி வைத்தாள்.

“ஆடாம பிடி மாமா. உருட்டிராத.”

போனவள் வழியில் தம்பியைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. மாடிப்படியில் இரண்டு பேரும் ஓடுகிற சத்தம். கேமரா தரையில் கிடக்கிறது, எட்டுகிற தூரம்தான். கையை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறேன்.