குடவோலையும் கூப்பிய கரமும்

பதவியை நாடலாகாது, புகழுக்கு ஏங்குவது பந்தம், தன்னைத் தானே மெச்சிக்கொள்வது பாவம் என்றெல்லாம் இளமை முதல் கேட்டு, அவற்றை மெய்யாகவே மனத்தில் ஏற்றுக்கொண்ட ஒருவர், தம் ஊர் நகரசபைக்கு வேட்புமனுத் தாக்கல் செய்து, வாசல்தோறும் நின்று, தமக்கே வாக்களிக்குமாறு கேட்பது தர்மத்துக்கு இசையுமா? சட்டசபைத் தேர்தலில் கட்சியும் கொள்கையும் வேட்பாளருக்கு முன்னே நடக்கின்றன. நகரசபைத் தேர்தலிலோ, தன்னைச் சிறு பிராயம் முதல் அறிந்தவர்களிடமே மனிதன் தன் பெயரையும் முகத்தையும் கொண்டுபோய் வைக்கிறான். அகங்காரத்தைப் பற்றிய ஐயம் மற்றெங்கும் எழுவதைவிட இங்கேதான் கூர்மையாக எழுகிறது.

நம் முன்னோர் இதற்கு ஒரு விடை கண்டிருந்தனர். உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை விவரமாகச் சொல்கின்றன. ஊரின் வட்டங்களான 30 குடும்புகளிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தார்கள்; அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றுகூட விதித்திருந்தார்கள். விரல் மடங்கினால் அங்கே வஞ்சனைக்கு இடமுண்டு என்று அஞ்சிய அந்த நுட்பத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்புக் குறைவதில்லை. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரக்கூடாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. பணிக்காலமோ 360 நாள். இம்முறையில் எவனும் தன்னைத் தகுதியுடையவன் என்று ஊரார் முன் சொல்லிக்கொள்ள நேரவில்லை. பதவி கேளாமலே வந்தது. வந்தவனும் அதைத் தன் வெற்றி என்று கொண்டாட வழியில்லை.

எனினும் இம்முறையே மேலானது என்று கூற என் மனம் ஒப்பவில்லை. குடத்தில் ஓலை விழுவதற்கே சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டியிருந்தன. பெண்களின் பெயரோ, வயலில் உழைத்தவர் பெயரோ அந்தக் குடத்தை எட்டவில்லை. மேலும், கேளாமல் பதவி பெற்றவன் எவர் வாசலிலும் நிற்கக் கடமைப்பட்டவனல்லன். இன்று ஒருவன் வாக்குக் கேட்டுச் செல்கையில், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியிலிருந்து திரும்பும் ஒரு தாய் அவனை நிறுத்தி, "தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தரம் வருதுன்னு உனக்குத் தெரியுமாப்பா? சாக்கடை அடைச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் நிக்குது, வந்து பாரு" என்று அழைக்கிறாள். அவனும் செருப்போடு அந்தக் கறுத்த நீரில் இறங்கி நின்று பார்க்க நேர்கிறது. கூப்பிய கரத்தோடு அவள் சொல்வது முழுவதையும் கேட்டு நிற்கும் அந்தச் சில நிமிஷங்களில், எத்தனையோ விரதங்களால் அடங்காத அகந்தை அடங்கக்கூடும். ஆகவே, கேட்பது இழிவென்று நான் கருதவில்லை. தன்னை உயர்த்திப் பேசாமல் கேட்கத் தெரிந்தவனுக்கு அதுவே ஒரு சாதனை.

அபாயம் கேட்பதில் இல்லை, பெற்ற பின்பு நேர்வதில் இருக்கிறது. மூவடி மண் கேட்கக் குறுகி வந்த வாமனன், தானம் கைக்கு வந்ததும் உலகளந்தவனாக ஓங்கிய கதையை நாம் அறிவோம். பகவான் அளந்த உலகங்களில் தனக்கென ஓரடியும் வைத்துக்கொள்ளாமல் இந்திரனிடம் ஒப்படைத்தான். ஆதலால் அவ்வளர்ச்சி லோக க்ஷேமத்துக்கானது. வார்டு உறுப்பினராகிய மனிதனோ, குறுகி வந்து ஓங்கி, ஓங்கியபின் அளந்ததையெல்லாம் தனதாக்கிக்கொள்வானாயின், அவன் முன்பு கூப்பிய கரமும் பொய்யாகிறது. கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்ற உத்திரமேரூர் விதியை ஒவ்வொரு நகரசபை உறுப்பினரும் தம் நெஞ்சுக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டுமென்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பலனில் பற்றின்றிக் கர்மம் செய்யச் சொல்லும் கீதையின் உபதேசத்துக்கும் இங்கே இடமுண்டு. தோற்றுப்போய், டெபாசிட்டையும் இழந்தவன், அடுத்த வாரமே அந்தத் தாயின் வாசலுக்குப் போய்ச் சாக்கடை அடைப்பு நீங்கிவிட்டதா என்று பார்த்து, நீங்கவில்லையேல் நகராட்சி அலுவலகத்துக்கு மனு எழுதித் தருவானாயின், அவன் சேவைக்காகத்தான் வாக்குக் கேட்டான் என்று நம்பலாம். தோல்வியோடு அந்த வாசலை மறந்தவன் நாடியது வேறொன்று.

திருநாவுக்கரசர் உழவாரம் ஏந்திக் கோயிற் பிராகாரங்களில் புல் செதுக்கியதைப் பக்தியின் சிகரமாகப் போற்றும் நாம், தெருவின் குப்பையையும் தண்ணீரையும் கவனிக்கும் வேலையை மட்டும் ஆத்மிக வாழ்வுக்கு அந்நியமென்று ஒதுக்குவது பெரும் பிழை. 1917-ஆம் ஆண்டில் ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவராகவும், வல்லபபாய் படேல் அகமதாபாத் நகரசபை உறுப்பினராகவும் பொறுப்பேற்றனர். இவ்வேலை தங்களுக்குச் சிறிது என்று அவர்கள் எண்ணவில்லை.

இன்று 21 வயது நிரம்பிய வாக்காளர், சட்டம் விலக்காதவரையில், நிலமோ வேதமோ கேட்கப்படாமல் நகரசபைக்கு நிற்கலாம். தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அகங்காரத்துக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் நல்லோர்களே, உங்கள் அச்சமே உங்கள் தகுதி. அடுத்த முறை மனுத் தாக்கலுக்கு நாள் குறிக்கப்படும்போது, தயவுசெய்து உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள்.