எண்ணிப் பார்த்தல்

சென்ற ஐப்பசியில் அப்பாவை மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்துக்கு அழைத்துப் போனேன். அவருக்கு 78 வயது. குறுகலான படிகளில் சுவரைப் பிடித்து, நின்று நின்று ஏறினார். மேலே வந்தவர்கள் எல்லோரும் கடற்கரைக் கோயில் பக்கம் திரும்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலிருந்த கண்ணாடிக் கூண்டையே பார்த்தார்.

"ஒரு கறை இல்ல பாரு பாப்பா. உப்புக்காத்து அடிக்கிற இடம், ரெண்டு நாள் விட்டாப் போதும், மங்கிடும். யாரோ விடாம துடைக்கிறாங்க."

அப்பா ரயில்வேயில் தண்டவாளத்தைக் கண்காணிக்கும் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டிருக்கிறது. அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. சரியாகச் செய்தால் எதுவுமே நடக்காது என்ற மாதிரியான வேலையை, ஒரு மனிதர் எதை நம்பி ஆயுள் முழுக்கச் செய்கிறார்?

கலங்கரை என்ற சொல்லில் பலருக்கும் கடற்கரைதான் கேட்கும். ஆனால் கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கலங்களைக் கூப்பிடுகிற விளக்கு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். புகார்க் கடற்கரையில் அப்படியொரு விளக்கு எரிந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மாமல்லபுரத்தில் இப்போதிருக்கும் கல்கோபுரம் எழுவதற்கு முன்பு, அதே குன்றின் மேலுள்ள பல்லவர் காலத்து ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் கூரையில்தான் விளக்கு வைத்தார்கள். சென்னையில் 1796இல் கோட்டைக்குள் தேங்காயெண்ணெய் விளக்கு. 1844இல் இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்திலுள்ள உயரமான தூண். 1894இல் அந்த நீதிமன்றத்தின் குவிமாடம். 1977இல் மெரினா. இடம் மாறியது, எண்ணெய் போய் மின்சாரம் வந்தது. ஊர் உறங்கும்போது ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பது மட்டும் நெடுங்காலம் மாறவில்லை.

அந்த விழிப்பு எப்படிப்பட்டது? எண்ணெய் விளக்குக் காலத்தில் சில மணிக்கொரு தரம் திரி கருகும். கருகிய நுனியை நறுக்கிவிட வேண்டும். புகைக்கரி கண்ணாடியில் படியும், துடைக்க வேண்டும். 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் பிரெனல் தன்னுடைய லென்ஸைப் பொருத்தினார். வளையம் வளையமாக அடுக்கிய கண்ணாடிப் பட்டைகள் நாலா பக்கமும் சிதறும் ஒளியை ஒரே கற்றையாகத் திரட்டிக் கடலுக்கு அனுப்பின. பின்னால் வந்த பெரிய லென்ஸ்கள் டன் கணக்கில் எடை கொண்டவை. பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டதால் விரலால் தள்ளினாலே நகரும். அதைச் சுழற்றுவதற்கு ஒரு கடிகாரப் பொறி. கோபுரத்தின் நடுவே தொங்கும் எடைக்கல் மெல்ல இறங்க, பொறி ஓடும். கல் அடியைத் தொடுவதற்குள் காவலர் கைப்பிடியைச் சுற்றி மறுபடி மேலே ஏற்ற வேண்டும். விடிந்ததும் விளக்கை அணைத்துத் திரையை இழுத்து மூட வேண்டும். மூடாவிட்டால் வெயில் அதே லென்ஸ் வழியாக உள்ளே குவிந்து தீப்பற்ற வைத்துவிடும். அதன் பிறகு பகலெல்லாம் பித்தளையும் கண்ணாடியும் துடைக்கிற வேலை. இராத்திரி திரும்பவும் முதலிலிருந்து.

இதில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. இத்தனை விநாடிக்கு இத்தனை மின்னல். கடலில் இருப்பவன் அந்தக் கணக்கை எண்ணித்தான் இது எந்த ஊர் என்று தெரிந்துகொள்கிறான். ஆகவே காவலர் தன் விருப்பம் போல எதையும் மாற்ற முடியாது. ஆர்வத்தில் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிட்டாலும், அயர்ந்து கொஞ்சம் மெதுவாக விட்டாலும், ஓர் ஊர் வேறோர் ஊராகிவிடும். அணைந்த விளக்கைக் கண்டால் மாலுமி எச்சரிக்கையாவது ஆவான். பொய்க்கணக்குச் சொல்லும் விளக்கை நம்பினால் நேரே பாறைக்குத்தான் போவான். நேற்று இருந்தது போலவே இன்றும் இருப்பதுதான் காவலரின் திறமை. புதுமை புதுமை என்று ஓடுகிற நமக்கு இதைத் திறமை என்று ஒப்புக்கொள்ளவே மனம் வருவதில்லை.

அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடலில் மட்டினிகஸ் ராக் என்று ஒரு பாறைத் தீவு. 1856 ஜனவரியில் அங்கே காவலராக இருந்த சாமுவேல் பர்ஜெஸ், சாமான்கள் வாங்கிவரக் கரைக்குப் போனார். பின்னாலேயே புயல் வந்தது. நான்கு வாரம் அவரால் திரும்ப முடியவில்லை. தீவில் நோயாளி மனைவியும் சின்னப் பெண்களும். எல்லோரையும் பார்த்துக்கொள்ள மூத்தவள் ஆபி, வயது 16. இரண்டு கோபுரங்களில் மொத்தம் 28 விளக்குகள். அலை தீவின் மேலேயே புரண்டு பழைய வீட்டை அடித்துக்கொண்டு போனது. அதற்குள் அம்மாவையும் தங்கைகளையும் கோபுரத்துக்கு மாற்றியிருந்தாள். தண்ணீருக்குள் ஓடிப்போய்க் கோழிகளைக்கூடக் கூடையில் அள்ளி வந்திருந்தாள். ஓர் இரவுகூட விளக்கு அணையவில்லை. அந்த நான்கு வாரத்தில் அந்த வழியாக எத்தனை கப்பல் போயிற்று, எது பாறையில் மோதாமல் தப்பிற்று, அவளுக்குத் தெரிய வழியே இல்லை. பிழைத்த கப்பல் வந்து சொல்லிவிட்டுப் போவதில்லை. அவளோ அதற்குப் பிறகும் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை விளக்குகளோடுதான் கழித்தாள்.

ஆபியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் சுத்தியல் சத்தம் கேட்கும். தோளில் நீண்ட கைப்பிடி போட்ட சுத்தியல், கையில் ஸ்பேனர், பையில் சிவப்புக் கொடியும், வண்டியை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் பட்டாசும். தனக்கென்று ஒதுக்கிய தூரத்தைத் தினமும் நடந்தே பார்ப்பார். தளர்ந்த போல்ட்டை இறுக்குவார், கழன்ற சாவியைத் தட்டி ஏற்றுவார். 31 வருடம். அவர் வேலை ஊருக்குத் தெரிந்தது ஒரே ஒரு நாள்தான். மார்கழி விடியலில், குளிரில் சுருங்கித் தண்டவாளம் விரிசல் விட்டிருந்தது. பட்டாசை வைத்துவிட்டுக் கொடியோடு ஓடி வண்டியை நிறுத்தினார். முக்கால் மணி நேரம் வண்டி நின்றது. ஜன்னல் வழியாக அவர் காதில் விழுந்ததெல்லாம் தாமதத்துக்கான திட்டு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவர் குரலில் வருத்தமே இல்லை. "அவங்களுக்கு என்ன தெரியும், பாவம். போய்ச் சேர்ந்தாங்கல்ல, அது போதும்" என்றார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எனக்குத்தான் கோபம் தாளவில்லை.

காவலர் வேலையை இன்று எந்திரங்கள் செய்கின்றன. அதற்கு அடியெடுத்துக் கொடுத்தவர் சுவீடன் நாட்டு குஸ்டாப் டாலேன். பகல் வெளிச்சம் பட்டால் தானே மூடிக்கொண்டு, இருட்டினால் தானே திறந்துகொள்ளும் வால்வைக் கண்டுபிடித்தார். 1912இல் இயற்பியல் நோபல் பரிசு. அதே ஆண்டு ஒரு வெடிவிபத்தில் அவருடைய இரு கண்களும் போயின. கடல் முழுக்கக் கண் கொடுத்தவர், பார்வையில்லாமலே அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். பிரிட்டனில் கடைசிக் காவலர்கள் 1998இல் கோபுரத்தைவிட்டு இறங்கினார்கள். இதற்காக நான் கண்ணீர் விட மாட்டேன். தனிமையும் பாதரச ஆவியும் பல காவலர்களின் உடலையும் மனதையும் தின்றிருக்கின்றன. எந்திரம் அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டது நல்லதுதான்.

ஆனால் எந்திரம் வாங்கிக்கொள்ளாத விளக்குகள் நம் வீடுகளிலேயே இருக்கின்றன. படுத்த படுக்கையான மாமியாருக்குப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கும் மருமகள். மழைக்கு முன்பே வாய்க்கால் தூர்வாரிவிடும் ஆள். புண் வராததையும் வெள்ளம் வராததையும் யார் படம் எடுப்பார்கள்? அவர்கள் எதை நம்பி இதைச் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு, அன்று மாமல்லபுரத்துக் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எனக்கு வழி காட்டினார். "மேகம் மூடுனா நாங்க பேச்ச நிறுத்திட்டு எண்ணுவோம்மா. கணக்கு சரியா வந்துட்டா வூட்டுக்கு வந்த மாதிரி" என்றார்.

நம் மொழியில் எண்ணுவது என்றால் கணக்கிடுவது, நினைப்பதும் அதுதான். இருட்டில் யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை போதும், மேலே ஒருவர் எடைக்கல்லை இன்னொரு முறை ஏற்றிவிடுவார். நன்றி வந்து சேர வேண்டும் என்றில்லை. ஆனால் எண்ண வேண்டிய கடன் நம்முடையது.

அன்றிரவே எழும்பூரில் ரயிலேறி ஊருக்குத் திரும்பினோம். விருத்தாசலம் நெருங்கும்போது விழிப்பு வந்து பார்த்தேன். அப்பா கீழ்ப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, ஜன்னலில் முகத்தைப் பதித்திருந்தார். அவர் நடந்த பாதை அது. வெளியே மழை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு ஒதுங்கி நின்றது. மழைக்கால இரவு ரோந்துக்காரர். விளக்கு எங்கள் பெட்டியைக் கடந்த அந்த ஒரு நொடி, அப்பா வலது கையை நெற்றிவரை உயர்த்தி இறக்கினார்.

"உள்ள இருட்டாச்சேப்பா, அவருக்கு எங்க தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுதுல்ல" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.