யார் எழுதின தீர்ப்பு?

போதைக்கு அடிமையாகி ஜெயிலுக்குப் போன ஒருவனுக்கு அரசாங்கச் செலவில் வைத்தியம் பார்க்கலாமா? "எதுக்குங்க? ஆறு மாசம் உள்ளே கிடந்தா தானா விட்டுடுவான். செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும்" என்று உடனே சொல்லிவிடுகிறோம். கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கொஞ்சம் நின்று யோசிப்போம்.

ஹெராயினுக்கு அடிமையான ஒருவன் சிறைக்குள் போகிறான். சரக்கு நின்றுபோகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத ராத்திரிகள். பின்பு எல்லாம் அடங்கி, ஆள் சுகமானதுபோல் தெரியும். உண்மையில் நடந்தது என்ன? உள்ளே இருக்கிற ஆசை அப்படியே இருக்கிறது. முன்பு தாங்கின அளவைத் தாங்கும் சக்தி மாத்திரம் உடம்பைவிட்டுப் போய்விட்டது. வெளியே வந்து பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுபோகும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 முதல் 2003 வரை விடுதலையான 30,237 பேரைப் பற்றிய ஆய்வு 2007-ல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில், போதைமருந்து அளவு மீறிச் சாகும் ஆபத்து அவர்களுக்கு மற்ற ஜனங்களைவிட 129 மடங்கு இருந்தது. வாசலில் காத்திருந்த தாய் பதினைந்தாம் நாளுக்குள் மகனை அடக்கம் பண்ணுகிறாள்!

இப்போது சொல்லுங்கள். நீதிபதி அவனுக்குக் கொடுத்தது சில வருஷச் சிறைதானே? மரணதண்டனையை எழுதினது யார்? காப்பாற்ற மருந்து இருந்தும் கொடுக்காமல் இருந்தால், அந்தத் தீர்ப்பில் நம்முடைய கையெழுத்தும் இல்லையா?

அதே தேசத்தில் ரோட் ஐலண்ட் என்ற சின்ன மாநிலம் 2016-ல் ஒரு காரியம் செய்தது. சிறைக்கு வருகிறவர்களைப் பரிசோதித்து, தேவையானவர்களுக்கு மெத்தடோன், புப்ரெநார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் என்ற மூன்று மருந்துகளில் ஏற்றதைக் கொடுத்தார்கள். விடுதலையான பிறகும் வெளியே உள்ள சிகிச்சை நிலையத்தில் வைத்தியம் தொடர ஏற்பாடு செய்தார்கள். 2016-ன் முதல் ஆறு மாதங்களில் அங்கே அளவு மீறிச் செத்தவர்களில் 26 பேர் சமீபத்தில் சிறையிலிருந்து வந்தவர்கள். 2017-ன் முதல் ஆறு மாதங்களில் அந்த எண்ணிக்கை 9. வேறு காரணங்களும் உதவியிருக்கலாம். ஆனாலும் இதை அற்பமாய் எண்ண முடியுமா?

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். மெத்தடோனும் புப்ரெநார்ஃபினும் அபின் வகையைச் சேர்ந்தவையே. ஆனால் சரியான அளவில் கொடுத்தால் அவை மெதுவாய் வேலை செய்து, வெறியைத் தணிக்கும். மனுஷன் வேலைக்குப் போகலாம், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். தினமும் இன்சுலின் போடுகிற சர்க்கரை வியாதிக்காரரை நாம் அடிமை என்கிறோமா?

மருந்து புது இருதயத்தைக் கொடுக்காது. அது உண்மை. மனந்திரும்புதலும், நல்ல ஆலோசனையும், வேலையும், கைகொடுக்கிற உறவும் வேண்டும். ஆனால் பிரியமானவர்களே, மனந்திரும்ப ஒருவன் முதலில் உயிரோடே இருக்க வேண்டுமே! செத்துப்போனவனுக்கு எந்த ஆலோசனை சொல்லுவீர்கள்?

குற்றத்துக்குத் தண்டனை இருக்கட்டும். வியாதிக்கு வைத்தியமும் இருக்கட்டும். அடுத்த முறை "அனுபவிக்கட்டும்" என்று வாய் திறக்குமுன், அந்த வாசலில் நிற்கிற தாயை நினைத்துக்கொள்ளுங்கள்.