ஒத்திகையும் மனச்சான்றும்

ஓவேலியில் மழைக்கால மாலைகளில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. யானை நடமாடும் ஊர் இது. ஒருநாள் அந்திப்பொழுதில் தேயிலைச் செடிகளின் நடுவே கரிய உருவம் ஒன்று அசையக் கண்டோம். முந்திய இரவு முழுவதும் யானையைப் பற்றியே பேசியிருந்தோம். கையிலிருந்த வெடியைப் பற்றவைத்து எறிந்தோம். அலறியது யானையன்று, சாக்கைத் தலையில் போர்த்தியபடி வீடு திரும்பிய அண்டைவீட்டுப் பெரியவர். நல்லவேளை, அவருக்குக் காயமில்லை. ஆயினும் ஒரு கேள்வி நம்மை விடவில்லை: நாம் கண்டது யானையையா, நம் எதிர்பார்ப்பையா?

இதே நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டனில், முப்படை அதிகாரிகளும் பயிலும் கல்லூரி உள்ளது. போரை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது படைகளின் பழைய வழக்கம். இன்று போர்க்கப்பல்களில் அவ்வொத்திகை கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. நடுக்கடலில் செல்லும் கப்பலின் திரையிலேயே இல்லாத விமானம் ஒரு புள்ளியாகத் தோன்றும். மாலுமிகள் அதை இனங்கண்டு, எச்சரித்து, ஏவுகணையை ஏவுவதுபோல் பொத்தானை அழுத்துவர். வெடிமருந்தும் செலவில்லை, உயிரும் போவதில்லை.

கொல்வதை இவ்வாறு பழகுவது அறமாகுமா? அவசரப்பட்டு விடை கூறலாகாது. 1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் 'ஸ்டார்க்' என்னும் அமெரிக்கக் கப்பலை ஈராக் விமானத்தின் ஏவுகணைகள் தாக்கின. தற்காப்புக்கு ஒரு குண்டும் சுடாமலே 37 மாலுமிகள் மாண்டனர். பயிற்சியின்றி ஒரு மகனைக் கடலுக்கு அனுப்புவதும் பாவமே. மக்களின் பாதுகாப்புக்காகப் படையில் முறையாகப் பணியாற்றுவோர் அமைதிக்கே துணைபுரிகின்றனர் என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கூறிற்று.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 1988 சூலை 3 அன்று, அதே வளைகுடாவில், 'வின்சென்ஸ்' என்னும் அமெரிக்கக் கப்பல் ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் மாண்டனர். அவர்களுள் 66 பேர் குழந்தைகள், 10 பேர் இந்தியர். விமானம் மேலேறிக்கொண்டிருந்தது, கருவிகளும் அவ்வாறே பதிவு செய்தன. ஆனால் படகுகளோடு சண்டையில் இருந்த மாலுமிகளோ, போர் விமானம் தாழ்ந்து பாய்ந்து வருவதாக அறிவித்தனர். மன அழுத்தமும், தம்மையறியாமலே தகவலைத் திரித்துக்கொண்டதும் பெரும்பங்கு வகித்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. கருவி பொய் சொல்லவில்லை. எதிர்பார்த்த மனமே பொய் சொல்லிற்று.

நற்பண்பு என்பது நிலைத்த நற்பழக்கமே என்று கற்பித்தார் புனித தோமா அக்குவினாசு. எனில், சுடப் பழகும் கை சுடாதிருக்கவும் பழக வேண்டும். வின்சென்ஸ் துயரத்துக்குப் பின், நெருக்கடியில் முடிவெடுப்பது குறித்து அமெரிக்கக் கடற்படை ஆராய்ந்தது. குழுவில் ஒருவர் பிழையை மற்றவர் திருத்தும் பயிற்சிமுறைகளும் வகுக்கப்பட்டன. இது நன்றே. எனினும் ஒத்திகையில் தவறிச் சுட்டால் எந்தத் தாயும் அழுவதில்லை. கருவியை மீண்டும் இயக்கினால் போதும். குற்ற உணர்வை எந்தக் கணிப்பொறியும் கற்பிக்காது. திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் 'மனிதரோ?' என ஐயுறும் மனச்சான்றைக் கப்பலேறும் முன்னரே வீடும் பள்ளியும் திருச்சபையும் வளர்த்திருக்க வேண்டும்.

நாமும் ஒத்திகை பார்ப்பவர்களே. நாளை அண்ணனோடு போடப்போகும் சண்டையை இன்றிரவே மனத்துள் நடத்தி முடிக்கிறோம். மறுநாள் அவர் 'எப்படியப்பா இருக்கிறாய்?' என்றாலும் நம் காதில் ஏளனமே விழுகிறது.

அந்தப் பெரியவர் இப்போதெல்லாம் நம் வீட்டருகே வரும்போது, 'நான்தான் வருகிறேன்' என்று தொலைவிலிருந்தே குரல் கொடுக்கிறார். அவ்விமானமும் தான் யாரென்பதைத் தன் குறியீட்டால் அறிவித்துக்கொண்டேதான் சென்றது. கேட்கும் செவியைப் பழக்குவதே நம் முதல் பயிற்சியாகட்டும்.