பேய்ப் படமும் கல்லறைத் திருநாளும்



அமெரிக்கா முதலிய தேசங்களில் அக்டோபர் 31-ந் தேதி இரவை ஹாலோவீன் என்கிறார்கள். சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாளுக்கு முந்தின இரவு என்பதே அப்பெயரின் பொருள். இன்றோ அது பேய்ப் படங்களின் காலமாயிற்று. இரவுக்கொரு படம் பார்த்து, எது அதிகம் பயங்காட்டியதென்று மதிப்பெண் போடுகிறவர்களும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளும் கைபேசியில் அவற்றைப் பார்க்கிறார்கள்.

இவையெல்லாம் பாவமென்று நான் சொல்லவில்லை. 1973-ல் வந்த ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்தில், பசாசு பிடித்த சிறுமிக்காக ஒரு குருவானவர் தம் உயிரையே கொடுக்கிறார். ஆனால் 1968-ல் வந்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தில், செத்தவர்கள் எழுந்து உயிரோடிருப்போரைத் தின்கிறார்கள். மரித்தோரைப் பற்றி நம் பிள்ளைகள் கற்கவேண்டியது இதுவா?

நம்முடைய மரித்தோர் நம்மைத் தின்ன வருகிறவர்களல்ல. உத்தரிக்கிற ஸ்தலத்தில் நம் செபத்துக்காகக் காத்திருக்கிறவர்கள். நம்மைப் பெற்றவர்கள், நம்மோடு பிறந்தவர்கள்.

நவம்பர் 1 முதல் 8 வரை, பாவப்பற்றை விட்டு, பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, பாப்பரசர் கருத்துக்காக வேண்டி, கல்லறையைச் சந்தித்து மரித்தோருக்காகச் செபிப்பவர்கள், பரிபூரண பலனை அந்த ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம்.

படத்துக்காக இரண்டு மணி நேரம் விழித்திருக்கிற நாம், கல்லறையண்டை கால்மணி நேரம் முழங்காலிடலாகாதா? பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். தாத்தாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிய பிள்ளை மரித்தோருக்குப் பயப்படாது.